ஆறு வாரம், ஆறு பயணம்: சிறுநீர்ப்பை மருந்தின் கணக்கு

எல்ல நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த நானா ஒருவருக்கு, வலி எதுவுமில்லாமல் சிறுநீரோடு இரத்தம் போயிற்று. சூட்டினால் வந்தது என்று இளநீர் குடித்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்தார். பிறகு பரிசோதித்தபோது சிறுநீர்ப்பையின் உட்சுவரில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிய வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அது தசை வரை இறங்கவில்லை. குழாய் வழியே கருவி செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அதன்பின் வாரம் ஒரு முறை வீதம் ஆறு வாரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சிறுநீர்ப்பைக்குள் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்பட்டது.

நான்காவது வாரம் போனபோது மருந்து இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டார். கடையை மூடி, மகனையும் கூட்டிக்கொண்டு, விடியுமுன் பஸ் ஏறிப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். அன்று மாலை என்னிடம் கேட்டார்: "தம்பி, ரெண்டு மணித்தியாலம் உள்ளுக்கு வச்சிட்டு ஒண்ணுக்குப் போறதுக்கா இவ்வளவு அலைச்சல்? மகன் போன்ல காட்டினான், அமெரிக்காவுல ஏதோ ஒரு கருவியை உள்ளுக்கே வச்சு விடுறாங்களாமே. அது இங்க வராதா?"

கேள்வி வைத்தியம் பற்றியது என்றாலும் அதற்குள் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. மலிவான மருந்து ஏன் அடிக்கடி இல்லாமல் போகிறது, விலை கூடிய கருவி ஏன் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் நம்மைப் போன்றவர்கள் எதை எதிர்பார்க்கலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

உள்ளே விடாத சுவர்

சிறுநீர்ப்பை ஒரு களஞ்சியம். சிறுநீரகங்கள் வடித்து அனுப்பும் கழிவு நீரை வளர்ந்தவர் ஒருவரில் சுமார் 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை தாங்கி வைத்திருந்து வெளியேற்றுவது அதன் வேலை. அந்தக் கழிவு மீண்டும் இரத்தத்தில் கலந்துவிடக் கூடாது. அதற்காக அதன் உட்சுவரின் மேற்பரப்பில் குடை விரித்தாற்போல் அகன்ற கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருக்கின்றன. அதற்கு மேல் வழுவழுப்பான ஒரு பூச்சும் உண்டு. உடலில் எளிதாக எதையும் ஊடுருவ விடாத சுவர்களில் இதுவும் ஒன்று.

கழிவைத் தடுக்கும் அதே சுவர் மருந்தையும் தடுக்கிறது. வாயால் விழுங்கும் மாத்திரையும் நரம்பில் ஏற்றும் ஊசியும் உடல் முழுவதும் சுற்றிவிட்டுச் சிறிதளவே சிறுநீர்ப்பையின் உட்சுவரை அடைகின்றன. அந்தச் சிறிதளவுக்காக உடல் முழுவதும் பக்கவிளைவைத் தாங்க வேண்டும். நேரடியாக உள்ளே விடலாம் என்றால், மருந்து சுவருக்குள் இறங்க நேரம் வேண்டும். ஆனால் சிறுநீர் சுரந்துகொண்டே இருக்கிறது. மருந்து நிமிடத்துக்கு நிமிடம் ஐதாகிறது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அடக்க முடியாமல் எல்லாம் வெளியே போய்விடுகிறது. மருந்து ஏற்றும் நாளில் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

ஆகவே மருந்தை எப்படி அதிக நேரம் உள்ளே தங்க வைப்பது, அல்லது எப்படி விரைவாகச் சுவருக்குள் இறக்குவது என்பதே இத்துறையின் முழுப் போட்டியும் ஆகும். இதற்குப் பதில் சொல்லும் கம்பனிக்குப் பெரும் பணம் காத்திருக்கிறது.

ஆறு குப்பியால் வந்த ஆறு வாரம்

இன்றும் உலகெங்கும் முதலில் கையாளப்படும் முறை மிகப் பழையது. கருவி என்று சொல்ல அதில் ஒரு மெல்லிய கதீட்டர் குழாய் மட்டுமே உண்டு. மருந்து பீசிஜி. ஆம், பிறந்த குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் போடப்படும் அதே பீசிஜிதான், அளவு மட்டும் பல மடங்கு அதிகம். பிரான்சின் கல்மெட், கெரீன் என்ற இருவர் பசுக்களில் காசநோய் உண்டாக்கும் கிருமியைப் பல ஆண்டுகள் வளர்த்து வளர்த்து வலுவிழக்கச் செய்து உருவாக்கியது இது. 1921 இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது.

கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பணியாற்றிய டொக்டர் அல்வாரோ மொராலஸ், இந்த உயிருள்ள கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தி அங்கே திரண்டு வந்து, கிருமியோடு புற்றுக் கலங்களையும் தாக்குகிறது என்று 1976 இல் ஒன்பது நோயாளிகளின் அனுபவத்தை வைத்து எழுதினார். அமெரிக்கா 1990 இல் இதற்கு அனுமதி வழங்கியது.

ஏன் ஆறு வாரம்? அவர் வாங்கிய மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பொதியாக வந்தது. ஒரு முறை ஏற்றியதன் உபாதை ஒரு வாரத்துக்குள் அடங்கியது. எனவே வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. வியாபாரி பொதி கட்டிய விதமே வைத்திய முறையாகிவிட்டது! பின்னர் வந்த ஆய்வுகளும் அந்த ஆறு வார முறையின் மீதே அமைந்தன. நோய் மீண்டும் வரும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, அதன்பின் குறித்த மாதங்களில் மூன்று மூன்று வாரமாக மூன்று வருடம் வரை தொடரும் முறையும் 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் பின் வழக்கத்துக்கு வந்தது. முழுமையாகச் செய்தால் மொத்தம் 27 தடவை.

செய்முறை எளிது. தாதி கதீட்டர் வழியாக 50 மில்லிலீற்றர் உப்பு நீரில் கரைத்த மருந்தை உள்ளே விட்டுக் குழாயை எடுத்துவிடுவார். இரண்டு மணித்தியாலம் அடக்கி வைத்திருந்து சிறுநீர் கழிக்க வேண்டும். உயிருள்ள கிருமி என்பதால் அடுத்த ஆறு மணித்தியாலங்களுக்கு உட்கார்ந்தே கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் ப்ளீச் ஊற்றிப் பதினைந்து இருபது நிமிடம் விட்டுப் பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பாவிக்கும் தோட்ட லயன்களில் இதை யாராவது நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

மலிவான மருந்து ஏன் மறைகிறது?

பீசிஜிக்குக் காப்புரிமை இல்லை, விலை குறைவு. ஆனால் வியாபாரம் தெரிந்த எவருக்கும் அடுத்த விடயம் புரியும். இலாபம் குறைந்த சரக்கை வைத்திருக்க ஆளில்லை. பீசிஜி உயிருள்ள பொருள். ஒரு தொகுதியைத் தயாரித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். மிக மெதுவாக வளரும் கிருமியை அவசரப்படுத்த முடியாது. தொழிற்சாலையில் சுத்தம் சிறிது பிசகினாலும் முழுத் தொகுதியையும் வீசிவிட வேண்டும்.

கனடாவின் டொரொன்டோ நகரில் சனோஃபி கம்பனியின் பீசிஜி தொழிற்சாலை வெள்ளப் பாதிப்புக்குப் பின் 2012 இல் உற்பத்தியை நிறுத்தியது. சில வருடங்களில் ஓரளவு மீண்டாலும், 2017 இல் அந்த மருந்தைத் தயாரிப்பதையே கைவிடுவதாகக் கம்பனி முன்கூட்டி அறிவித்தது. அமெரிக்கச் சந்தைக்கு மெர்க் என்ற ஒரே கம்பனிதான் மிஞ்சியது. உலகின் செல்வந்த நாட்டிலேயே நோயாளிகளுக்கு அளவைக் குறைத்துப் பங்கு போட்டுக் கொடுக்கும் நிலை வந்தது.

நமக்கு அருகிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சென்னை கிண்டியில் 1948 இல் தொடங்கப்பட்ட பீசிஜி தடுப்பு மருந்து ஆய்வுகூடம் இந்திய அரசாங்கத்துக்குச் சொந்தமானது. காசநோய்த் தடுப்பு மருந்துடன், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான பீசிஜியும் தயாரித்த இடம் அது. நல்ல உற்பத்தி நடைமுறைகளுக்கு ஏற்ப இல்லை என்று சொல்லி 2008 ஜனவரியில் அதன் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டது. குன்னூர், கசௌலி ஆகிய இடங்களிலிருந்த அரசாங்கத் தடுப்பு மருந்து நிறுவனங்களுக்கும் அதே கதி. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2010 பெப்ரவரியில் அந்த நிறுத்தம் நீக்கப்பட்டது. தரம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பழைய தொழிற்சாலையைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்காமல் பூட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு பாடம். இன்று இப்பிராந்தியத்தில் புனே நகரின் சீரம் இன்ஸ்டிடியூட் போன்ற சில இடங்களையே இம்மருந்துக்கு நம்பியிருக்க வேண்டியுள்ளது.

இலங்கை தனக்கு வேண்டிய மருந்துகளில் மிகப் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு. 2022 இல் டொலர் இல்லாமல் போனபோது சாதாரண மருந்துகளுக்கே ஆஸ்பத்திரிகள் தவித்ததை நாம் மறக்கவில்லை. சில கைகளில் மட்டுமே உள்ள சரக்கு, குளிரில் வைக்க வேண்டிய சரக்கு, பாவிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைவு. இப்படிப்பட்ட மருந்துக்குக் கேள்விப்பத்திரம் ஒரு மாதம் பிந்தினால், எங்கோ ஒரு மலைநாட்டு நோயாளியின் நான்காவது வாரம் தவறிப்போகிறது.

புதிய கருவிகள் என்ன செய்கின்றன?

சுவரைத் தாண்டுவதற்குக் கம்பனிகள் எடுத்த வழிகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது சூடு. மருந்தை 42, 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அது சுவருக்குள் கூடுதலாக இறங்குகிறது. ஒருவகைக் கருவி கதீட்டர் நுனியிலிருந்து வரும் வானொலி அலையால் சிறுநீர்ப்பைச் சுவரைச் சூடாக்குகிறது. இன்னொருவகை மருந்தையே வெளியில் சூடாக்கிச் சுற்றோட்டமாக அனுப்புகிறது. மைட்டோமைசின் என்ற பழைய மருந்துடன் ஐரோப்பாவில் இவை பாவிக்கப்படுகின்றன.

இரண்டாவது மின்சாரம். கதீட்டருக்குள் ஒரு மின்வாய், வயிற்றுத் தோலில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டத்தை ஏறத்தாழ அரை மணித்தியாலம் செலுத்தினால் மருந்து சுவருக்குள் தள்ளப்படுகிறது. இத்தாலியில் டொக்டர் டி ஸ்டாசி குழுவினர் பீசிஜியுடன் இம்முறையையும் மாறி மாறிப் பாவித்து நல்ல பலன் கண்டதாக 2006 இல் வெளியிட்டார்கள்.

மூன்றாவது ஊசி. கட்டுப்படாமல் சிறுநீர் கசிபவர்களுக்கு, கமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்தி, நீண்ட மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பைத் தசையில் இருபது இடங்களில் போட்டொக்ஸ் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். முள்ளந்தண்டு பாதிப்பு உள்ளவர்களுக்கு அமெரிக்கா இதை 2011 இலும், மற்றவர்களுக்கு 2013 இலும் அனுமதித்தது. இது புற்றுநோய்க்கானது அல்ல. பல மாதங்களுக்குப் பின் திரும்பவும் ஏற்ற வேண்டியிருக்கும்.

நான்காவது களி. குளிரில் திரவமாக இருந்து, உடற்சூட்டில் களியாக இறுகும் பொருளில் மைட்டோமைசினைக் கலந்து ஏற்றுகிறார்கள். களி சில மணித்தியாலங்கள் உள்ளே இருந்து மெதுவாகக் கரைகிறது. யூரோஜென் கம்பனியின் இந்த மருந்துக்கு, வீரியம் குறைந்ததும் திரும்பத் திரும்ப வருவதுமான கட்டிகளுக்காக 2025 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கவனியுங்கள், இதுவும் வாரம் ஒன்றாக ஆறு வாரம்தான்!

ஐந்தாவதுதான் நானாவின் மகன் போனில் காட்டியது. முறுக்கு வடிவத்தில் வளைந்த ஒரு சிறு சிலிக்கோன் குழாய். அதற்குள் ஜெம்சிட்டபின் என்ற மருந்தின் குட்டி மாத்திரைகளும், நிக்கலும் டைட்டேனியமும் கலந்த ஒரு கம்பியும் உள்ளன. நேராக்கி கதீட்டர் போன்ற குழாய் வழியே உள்ளே தள்ளினால், அந்தக் கம்பி தன் பழைய வடிவத்தை எடுத்து முறுக்கு போலச் சுருண்டுகொள்ளும். அதனால் சிறுநீரோடு வெளியே போகாது. சிறுநீர் குழாய்க்குள் ஊறி மருந்தைக் கரைக்க, மூன்று வாரம் இடைவிடாமல் மருந்து கசிந்துகொண்டே இருக்கும். பிறகு கமராக் குழாயால் அதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். முதல் ஆறு மாதம் மூன்று வாரத்துக்கு ஒன்று, பின்னர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று என இரண்டு வருடம் வரை.

ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனியின் இக்கருவிக்கு 2025 செப்டெம்பர் 9 அன்று அமெரிக்க அனுமதி கிடைத்தது. பீசிஜி பலனளிக்காமல் போன, சுவரில் தட்டையாகப் படரும் வகைப் புற்றுநோய் உள்ளவர்களுக்கே அந்த அனுமதி. ஆய்வில் 83 நோயாளிகளில் 82 வீதமானோரிடம் புற்றுநோய் காணப்படாத நிலை ஏற்பட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த நிலை ஒரு வருடமாவது நீடித்தது. இல்லாவிட்டால் சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

தோற்ற கருவி ஜெயித்த கதை

இக்கருவியின் பின்னால் வியாபாரிகள் கற்க ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் பேராசிரியர்களான மைக்கேல் சீமா, ரொபர்ட் லாங்கர் ஆகியோரின் ஆய்வுகூடத்திலிருந்து டாரிஸ் என்ற சிறு கம்பனி பிறந்தது. அவர்கள் முதலில் இந்தச் சுருள் குழாய்க்குள் வைத்தது லிடோகெயின், அதாவது பல் பிடுங்கும்போது விறைக்க வைக்கும் மருந்து. சிறுநீர்ப்பையில் நாட்பட்ட வலியும் எரிவும் உள்ளவர்களுக்காக அது செய்யப்பட்டது. 2014 இல் அலர்கன் கம்பனி அந்தப் பொருளைப் பெரும் தொகைக்கு வாங்கியது. ஆனால் மருந்தில்லாத வெறும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

டாரிஸ் சோர்ந்துவிடவில்லை. அதே குழாய், அதே கம்பி, மருந்தை மட்டும் மாற்றினார்கள். ஜெம்சிட்டபின் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் அதன் காப்புரிமை 2010 இலேயே முடிந்தது. இந்தியாவில் பல கம்பனிகள் அதை மலிவாகத் தயாரிக்கின்றன. 2019 இறுதியில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் டாரிஸையே வாங்கிக்கொண்டது.

அதாவது இங்கே விற்கப்படுவது மருந்தல்ல, அது தங்கும் நேரம். மருந்தின் காப்புரிமை போனாலும் அதைத் தங்க வைக்கும் கருவிக்குப் புதிய காப்புரிமை உண்டு. பொதுவாகவே பீசிஜி தோற்றபின் கொடுக்கப்படும் புதிய சிகிச்சைகள் அமெரிக்காவில் ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு இலட்சம் டொலரைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. நம் நாட்டின் இலவச வைத்தியசாலைகள் அதைத் தாங்கும் என்று யாரும் நானாவுக்கு நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

எல்லயிலிருந்து ஒரு கணக்கு

ஆனால் மறுபக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். நோயாளிக்கு அது உண்மையில் இலவசமா?

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் உயர்வுகள் அறிவிக்கப்பட்டாலும் கணக்குக்கு அந்தத் தொகையையே வைத்துக்கொள்வோம். ஆறு வாரம் ஆறு நாள் வேலை போனால் 8,100 ரூபா. துணைக்கு ஒருவர் போனால் 16,200. முழு 27 தடவையும் இருவர் போனால் 72,900 ரூபா. பஸ் காசு, சாப்பாடு, பதுளையில் முடியாமல் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்பட்டால் ஓர் இரவு தங்கும் செலவு, இவை எதுவும் இதில் சேரவில்லை. மருந்து இல்லை என்று திரும்பிவரும் நாளுக்கும் இதே செலவுதான்.

பாதை திறந்திருக்க வேண்டுமென்பதும் ஒரு நிபந்தனை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் பதுளை மாவட்டத்தின் எத்தனையோ வீதிகள் மூடப்பட்டுக் கிடந்தன. அந்த வாரங்களில் மருந்து இருந்தாலும் போய்ச் சேர வழியில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றும் கருவி என்றால் இரண்டு வருடத்துக்கு ஏறத்தாழ 14 பயணம். ஆகவே தங்கும் கருவி பணக்கார நாட்டின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தூரத்தில் இருக்கும் ஏழைக்குத்தான் அது அதிகம் தேவை. காப்புரிமை முடிந்து போட்டி வரும்போது, அல்லது மொத்தக் கொள்வனவில் விலை இறங்கும்போது, இந்தப் பயணக் கணக்கையும் வைத்தே அதிகாரிகள் தீர்மானிக்க வேண்டும். இன்றைய நிலையில் அக்கருவி பீசிஜிக்குப் பதிலானது அல்ல, பீசிஜி தோற்ற இடத்தில் வருவது என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போதே செய்யக்கூடியவை

பீசிஜி தட்டுப்பாடு அமெரிக்காவிலேயே ஒரு நல்ல வழியைக் காட்டியது. ஜெம்சிட்டபின், டொசிடாக்செல் என்ற இரண்டு பழைய மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாதாரண கதீட்டரால் ஏற்றும் முறையை அயோவா பல்கலைக்கழக வைத்தியர்கள் வளர்த்தெடுத்தார்கள். புதிய கருவி எதுவும் வேண்டாம், இரண்டுமே காப்புரிமை முடிந்தவை. இதைப் பீசிஜியோடு நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வும் அங்கே தொடங்கப்பட்டது. எனவே பீசிஜி இல்லை என்று சொல்லப்படும் நோயாளி, "அப்படியென்றால் வேறு எதை ஏற்றலாம்?" என்று தன் நிபுணரிடம் மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. எது பொருத்தம் என்று தீர்மானிக்க வேண்டியவர் அவரே.

நம் வியாபாரிகளுக்கு இரண்டு வார்த்தை. பீசிஜி போன்றவை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியவை. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்டில், தரமான குளிர்சாதனமும் ஜெனரேட்டரும் இல்லாத பாமசி இத்தகைய மருந்தில் கை வைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து விற்பதும் கூடாது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்தும் மருத்துவக் கருவியும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவாகியிருக்க வேண்டும். தட்டுப்பாடு நேரத்தில் மருந்தைப் பதுக்கி விலை ஏற்றுவது சட்டத்தில் மட்டுமல்ல, மார்க்கத்திலும் என்ன குற்றம் என்பதை நம் கடைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஸகாத் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளிக்கு உதவி என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பதையே நினைக்கிறோம். இந்த நோயில் மருந்து அரசாங்கத்தினது, பயணம் நோயாளியினது. ஆறு வாரத்துக்கு பஸ் காசு, நகரத்தில் ஓர் இரவு தங்க இடம், போகும் முன் மருந்து இருக்கிறதா என்று கிளினிக்குக்கு ஒரு போன் அழைப்பு. இவற்றை ஒழுங்கு செய்தாலே பாதிச் சிகிச்சை காப்பாற்றப்படும். பக்கத்துத் தோட்டத்து அயலவருக்கும் அதே வாகனத்தில் இடம் கொடுங்கள்.

நோன்பு பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, சிறுநீர்த் துவாரம் வழியாகச் செலுத்தப்படும் குழாய், கமரா, மருந்து, சிறுநீர்ப்பையைக் கழுவும் திரவம் ஆகியவை நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. ஷாபிஈ மத்ஹப் நூல்களில் முறிக்கும் என்ற கருத்தே வலுவானதாகச் சொல்லப்படுகிறது. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை எப்படியும் உண்டு. ஆகவே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடவுங்கள். ரமழான் என்பதற்காக ஒரு வாரத்தைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம் முந்திக்கொள்வது. வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் ஒரே ஒரு தடவை போனாலும் இளநீரோடு நிறுத்தாமல் வைத்தியரிடம் போங்கள். இரத்தம் தானாக நின்றுவிட்டது என்பது நோய் போய்விட்டது என்பதற்கு அடையாளமல்ல. இந்நோய்க்கான காரணங்களில் முதலிடம் புகைத்தலுக்கு. நானாவும் முப்பது வருடம் புகைத்தவர்தான். இப்போது கடையில் சிகரட் விற்பதையும் நிறுத்திவிட்டார்.

அவருடைய தவறிய வாரம் இரண்டு வாரம் பிந்திக் கிடைத்தது. ஆறும் முடிந்து, உள்ளே கமரா விட்டுப் பார்த்ததில் கட்டி எதுவும் காணப்படவில்லை. அடுத்த மூன்று வார மருந்துக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கருவி இப்போதைக்கு வராது என்று சொன்னேன். "பரவாயில்ல தம்பி, இங்க உள்ள மருந்து சொன்ன நாளைக்கு இருந்தாப் போதும்" என்றார். அதிகாரிகள் காதில் விழ வேண்டிய வார்த்தையும் அதுதான்.